மேட்றன் வீட்டுச் செம்பு மெசின்

அமிர்தகழியில் யாருடைய குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனாலும் முதலில் உதயரூபனைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரன், பேச்சும் குறைவு. ஆனால் வேலைக்கு வந்த வீட்டில் பெட்டியைத் தொட முன்னர் ஒரு தடவை பின்பக்கம் போய்க் கிணற்றடியையும் விறகுக் கொட்டிலையும் நோட்டம் விட்டுத்தான் வருவான். கால் கழுவப் போகிறான் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவன் தேடியது உருளை மெசின்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமாரும் பாதிரிமாரும் பெரிய உத்தியோகத்தரும் வைத்திருந்த உடுப்புத் தோய்க்கும் மெசின் அது. நாலு காலில் நிற்கும் வட்டத் தொட்டி. அதன் நடுவே துணியை இப்படியும் அப்படியும் புரட்டும் துடுப்பு. தொட்டிக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும் இரண்டு றப்பர் உருளைகள். தோய்த்த துணியின் நுனியை அவற்றுக்கு இடையில் கொடுத்தால் கரும்பைப் பிழிவதுபோலத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, துணியை அப்பளமாக்கி மறுபக்கம் தள்ளும். இப்போதைய மெசின்கள் மாதிரித் தானாக எதையும் செய்யாது. பக்கத்திலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். உதயரூபனின் இடது கையில் இரண்டு நகங்கள் அப்படிப் போனவைதான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவன் அடித்த தகரக் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு மெசின்கள் வரிசையாக நின்றன. ஒன்று பதுளைப் பக்கத் தோட்டத்துப் பங்களாவில் கோழி அடைகாக்கக் கிடந்தது. இன்னொன்றைத் திருகோணமலையில் ஒரு வீட்டார் பூச்சாடியாக வைத்திருந்தார்கள். கொண்டுவந்து கழற்றுவான். கியர்ப்பெட்டிக்குள் கல்லாக இறுகிப்போன கிறீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டுவான். வெடித்த உருளைகளை டயருக்கு றப்பர் போடும் கடைக்குக் கொண்டுபோய்ப் புது றப்பர் சுற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்ப்பான். மெசின் ஓடத் தொடங்கியதும் அதில் தோய்ப்பான். கல்லடியில் இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அவனிடம்தான் வந்தன. முதலில் வெள்ளை, அதே தண்ணீரில் அடுத்து நிறத்துணி, கடைசியாக நிலம் துடைக்கிற துணி. தோய்க்காத மெசின் பிணம் என்பான்.

அவன் மனைவி சுலோஜனா அந்தக் கொட்டிலுக்குள் போவதில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், அவன் இல்லாத நேரம், தன்னுடைய சட்டைகளை ஒரு மெசினில் போட்டுப் பிழிந்தாள். சட்டைக் கொக்கி ஒன்று புது றப்பரைக் கீறிவிட்டது. உதயரூபன் வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை. அலுமாரியைத் திறந்து அவளுடைய சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து, குறட்டால் ஒவ்வொரு கொக்கியாகக் கத்தரித்து, பழையபடி மடித்து அடுக்கிவைத்தான். அந்த வருசப் பிறப்புக்கு அவள் சட்டைக்கு ஊசி குத்திக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள். அதன் பிறகு வீட்டுத் துணி முழுக்கக் கிணற்றடிக் கல்லில்தான். பின்னால் மெசின்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். முன்னால் அவள் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்கும். வதனி என்ற மகள் பிறந்து, படித்து, ஆசிரியையாகி, கிரானில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் இரண்டு சத்தமும் அந்த வளவில் ஓயவில்லை.

செம்பு மெசினை அவன் கண்டது புளியந்தீவில், வாவியைப் பார்த்தபடி இருந்த மேட்றன் கண்ணகையின் வீட்டில்.

ஆஸ்பத்திரித் தாதிமாருக்குத் தலைவியாக இருந்த மேட்றன் என்றால் டவுனில் தெரியாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே வேலை செய்த தாதிமார், அவர்களும் கிழடாகிப்போன பிறகுகூட, அவரைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் நோயாளி அதில் கிடக்கக் கிடக்க உருவச் சொன்ன மனிசி. கல்யாணம் கட்டவில்லை. சொந்தம் என்று வந்தவர்களையும் வாயாலேயே விரட்டிவிட்டார். குளிர்சாதனப் பெட்டி திருத்தப் போன உதயரூபன் வழக்கம்போலப் பின்பக்கம் போனான். குசினிக்கு வெளியே தகரத்தின் கீழ் மெசின் நின்றது. வெளிநாட்டுக் கன்னியாஸ்திரிமார் ஊரை விட்டுப் போகும்போது மேட்றனிடம் விட்டுப்போனதாம். வெள்ளைப் பெயின்ற் உரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். உள்ளே செம்பு. தொட்டி முழுக்கச் செம்பு. எழும்பி முன்பக்கம் வந்தான்.

"இத விக்கிறீங்களா மேட்றன்?"

"ஏன், என்னப் பாத்தா பிச்சையெடுக்கிறவள் மாதிரிக் கிடக்கா?"

"இல்ல, சும்மா நிண்டு பழுதாப்போகுது. நான் திருத்தி வைச்சிருப்பன்."

மேட்றன் அவனைக் கால் நகத்திலிருந்து உச்சிவரை பார்த்தார். "நான் செத்தாப்பிறகு எடுத்துக்க. எனக்கு ஆருமில்ல. அதுவரைக்கும் இஞ்சயே வைச்சுத் திருத்தி, சனிக்குச் சனி வந்து என்ர உடுப்பத் தோய்ச்சுத் தா. ஒரு சனி தவறினாலும் பேச்சு முறிஞ்சு."

மேட்றனுக்கு அப்போதே எண்பதை எட்டுகிற வயது. இருதய வருத்தக்காரி. மேசையில் மருந்துப் போத்தல்கள் வரிசையாக நின்றன. உதயரூபன் அவற்றையும் பார்த்தான், அவருடைய வீங்கிய கணுக்காலையும் பார்த்தான். ஓம் என்றான்.

அந்தக் கணக்கு பிழைத்துப்போயிற்று. மேட்றன் சாகவில்லை.

சனிக்குச் சனி போய் மெசினைத் திருத்தினான். பெயின்றைச் சுரண்டி, பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தொட்டி தணல் நிறத்தில் மினுங்கியது. கியர்ப்பெட்டி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. உருளைகளைச் சேர்த்துவிட்டால் ஒரு துளி ஈரம் தங்காது. இப்படியொரு மெசினை அவன் அதற்கு முன்னும் தொட்டதில்லை, பிறகும் தொடவில்லை. தோய்த்து முடிந்ததும் துடைத்து, உருளைகளைத் தளர்த்தி, பழைய போர்வையால் மூடிவிட்டு, பிரிய மனமில்லாமல் சைக்கிளை எடுப்பான்.

தன் சாவுக்காகத்தான் இவன் காவல் கிடக்கிறான் என்பது மேட்றனுக்குத் தெரியும். அது அவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. அவன் படலையைத் திறக்கும்போதே சொல்லுவார்.

"புதன்கிழமை டொக்டரிட்ட போன, ரூபன். பிரஷர் நோர்மல். சீனி நோர்மல். இன்னும் பத்து வருசம் போகுமாம்."

"நல்லது மேட்றன்," என்பான் உதயரூபன்.

அவன் தோய்த்து விரித்த மேசைச் சீலையில், அவன் கண் முன்னாலேயே, மீன் ஆணத்தை ஒரு கரண்டி ஊற்றுவார். "ஐயோ, கை தடுமாறிற்று." அவன் மறுகா முதலிலிருந்து தண்ணீர் நிரப்புவான். சில சனிகளில் யாரோ ஒரு தூரத்து மருமகன் கனடாவிலிருந்து கேட்டிருப்பதாகவும், மெசினை அவனுக்கே கொடுக்க யோசிப்பதாகவும் சொல்லுவார். உதயரூபனின் முகம் வெளிறுவதை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "சும்மா சொன்ன," என்பார்.

கடைசி வருசங்களில் மேட்றனுக்கு வயிறு கட்டுக்குள் நிற்கவில்லை. விரிப்புகள் நாறிக்கொண்டு வந்தன. வேலைக்கு வந்த பெண்கள் அதைத் தொடமாட்டோம் என்று போய்விட்டார்கள். கிழமை முழுக்கச் சேர்த்து வைத்ததை உதயரூபன் முதலில் வாளியில் அலசிவிட்டு மெசினில் போட்டான். அருவருப்பு வந்தால் செம்புத் தொட்டியைப் பார்த்துக்கொள்வான். கரண்ட் இல்லாமல் கையால் கசக்கிய காலத்திலும், பெற்றோல் இல்லாமல் டவுனே முடங்கிய காலத்திலும், வாவி பெருகித் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்ற மழைக்காலத்திலும் ஒரு சனி அவன் தவறவில்லை.

இதற்கிடையில்தான் சுலோஜனாவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். அந்தப் பக்கத்துக் கை வீங்கிப்போயிற்று. பாரம் தூக்க வேண்டாம், துணி பிழிய வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். மருந்து ஏற்றிய நாட்களில் அவள் கண்டபடி சத்தி எடுத்தாள். விரிப்பும் தலையணை உறையும் நனைந்துபோகும். அவற்றை அவள் ஒற்றைக் கையால் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போவதை உதயரூபன் கொட்டிலில் இருந்து கண்டிருக்கிறான். கூப்பிட்டு, இங்கே கொண்டா என்று சொல்லத்தான் நினைத்தான். அன்றைக்குப் பார்த்து ஒரு மெசினின் கியர்ப்பெட்டி திறந்து கிடந்தது, இன்னொன்றில் விடுதி விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று குனிந்தான். அடுத்த நாள் அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரேயொரு தடவைதான் அவள் அவனிடம் ஒன்று கேட்டாள். அது ஒரு சனிக்கிழமை காலை. அவள் விறாந்தையில் படுத்திருந்தாள், அவன் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்க, இண்டைக்குப் போகாம இருங்களன்."

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல. நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு. ஆராவது பக்கத்தில இருந்தாக் காணும்."

"மத்தியானத்துக்குள்ள வந்திருவன். போன் கையில வைச்சிரு."

"ஒரு சனிதானே."

"ஒரு சனி போனா எல்லாம் போயிரும் கா. இவ்வளவு காலம் பட்ட பாடு," என்றான். தான் பட்ட பாட்டைத்தான் சொன்னான். சுலோஜனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்கு மேட்றன் வீட்டில் யன்னல் சீலைகளையும் கழற்றித் தோய்க்கச் சொன்னார். உதயரூபனின் சேட் ஆணியில் தொங்கியது. சேட் பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுகா அடித்தது. மெசின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது படலை திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெயந்தன் தன்னுடைய ஓட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். உதயரூபன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. ஞாயிறு விடியப் போய்விட்டாள்.

செத்தவீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. வதனி கிரானிலிருந்து வந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உதயரூபன் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துக் கொடுத்தான், பந்தல்காரனுக்கு வயர் இழுத்துக் கொடுத்தான். அழவில்லை. ஆம்பிளைகள் சிலர் அப்படித்தான், உள்ளுக்குள் வைத்திருப்பார்கள் என்று ஊர்ச்சனம் பேசிக்கொண்டது. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

அந்தக் கிழமை போய்ச் சனி வந்தது. மறுநாள் எட்டாம் நாளுக்குரிய எட்டுச் சடங்கு. குசினியில் பெண்கள் பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தார்கள். உதயரூபன் மெல்லச் சைக்கிளை எடுத்தான். படலையடியில் வதனி நின்றாள்.

"எங்கப்பா?"

"டவுனுக்கு. வந்திருவன்."

"நாளைக்கு அம்மாட எட்டு."

"அதுக்குள்ள வந்திருவன் புள்ள."

"அந்த மேட்றன்ட வீட்டுக்கா?"

அவன் சைக்கிளின் சங்கிலியைக் குனிந்து பார்த்தான். வதனி படலையை விட்டு விலகி நின்றாள். வழி விட்டதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மிதித்தான்.

மேட்றன் வீட்டு வாசலில் ஒரு சின்ன லொறி நின்றது. ஏறாவூர் அசனாரின் லொறி. அசனார் பழைய இரும்பு, பித்தளை எடுப்பவர், உதயரூபனுக்குப் பழக்கமானவர், அவர் கண்ணில் பட்ட மெசின் ஒன்றிரண்டை அவனுக்காக உடைக்காமல் எடுத்து வைத்துத் தந்தும் இருக்கிறார். விறாந்தைக் கட்டின்மேல் சம்மட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதயரூபனைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ரூபண்ண, ஏன் வந்தீங்க?" என்றார் மெல்ல. "மனிசி மவுத்தாகி இன்னும் ஒரு கிழமை போகல்லயே. நீங்க வரவே மாட்டீங்க எண்டு நான் இவவுக்குச் சத்தியம் பண்ணிச் சொன்ன."

உள்ளே கதிரையில் இருந்த மேட்றன் சிரித்தார். "நான் என்ன சொன்ன, அசனார்? ஒழும்பு. வேலையப் பாரு."

உதயரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன வேலை?"

"செய்தி கேள்விப்பட்டன், ரூபன். பொஞ்சாதி போயிற்றா எண்டு. அப்ப நினைச்சன், இந்தச் சனி நீ வராம விட்டா அடுத்த நாளே மெசின உன்ர வீட்டுக்கு ஏத்தி அனுப்பிறது. வந்தா உடைக்கிறது. இவனயும் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. நீ வருவாய் எண்டு நான், வரமாட்டாய் எண்டு இவன்."

"ஒரு சனி தவறினாலும் பேச்சு முறிஞ்சு எண்டு நீங்கதானே சொன்ன."

"ஓம், சொன்னன்."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"அத நீ உன்ர வீட்டில இருந்து யோசிச்சிருக்க வேணும்," என்றார் மேட்றன்.

அசனார் இடையில் வந்தார். "மேட்றனம்மா, நான் முழுசா ஏத்திக்கொண்டு போறன். உடைக்கத் தேவையில்ல. செம்பு செம்புதானே."

"முழுசாப் போனா அவன் பின்னால வந்து உன்னட்ட வாங்கிருவான். எனக்குத் தெரியாதா? உடைக்காம இந்தப் படி தாண்டாது. நீ மாட்டன் எண்டா சொல்லு, வேற ஆளக் கூப்பிடுறன்."

அசனார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சம்மட்டியை எடுத்தார். உதயரூபன் ஓடிப்போய் மெசினுக்கு முன்னால் நின்றான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றவனை அசனார் தோளில் பிடித்து, தம்பியை விலக்குவதுபோல விலக்கினார். அவன் எதிர்க்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பொருள் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் அவனிடம் இருந்தது.

வார்ப்பிரும்புக் கால்கள் ஒரே அடியில் முறிந்தன. கியர்ப்பெட்டி பிளந்து, அவன் போன மாசம் போட்ட புதுக் கிறீஸ் நிலத்தில் வழிந்தது. செம்பு உடையவில்லை. அடிக்க அடிக்க மடிந்தது. மடிந்து மடிந்து, கடைசியில் கசங்கிய விரிப்புப்போலக் கிடந்தது. மேட்றன் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அசனார் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோது உதயரூபனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் உதயரூபனுக்குத் தான் அழுவது தெரிந்தது. நாடியிலிருந்து சேட்டுக்குக் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வந்தது.

"அவளுக்கும் இப்பிடி அழுதியா?" என்று கேட்டார் மேட்றன்.

அவன் சேட்டால் முகத்தைத் துடைத்தான். மேட்றன், "துணி வாளியில கிடக்கு. கல்லு கிணத்தடியில. வந்த வேலையச் செஞ்சிற்றுப் போ," என்றார்.

உதயரூபன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அடுத்த நாள் எட்டு நடந்தது. படைத்து, விளக்கேற்றி, கும்பிட்டு, சாப்பிட்டார்கள். உதயரூபன் சொன்ன இடத்தில் இருந்தான், சொன்னபோது எழும்பினான். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, இப்போதுதான் மனிசனுக்கு உறைத்திருக்கிறது என்று கிழவிகள் இரங்கினார்கள். வதனி மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு தாயின் பிடவைகளை ஒரு பையில் கட்டினாள்.

"கொண்டு போறியா புள்ள?"

"ஓம்."

"மறுகா எப்ப வருவாய்?"

"அம்மா இருந்தபடியாத்தான் நான் இஞ்ச வந்த," என்றாள் வதனி. ஓட்டோவில் ஏறிப் போனாள். அதன் பிறகு தைப்பொங்கலுக்கும் வரவில்லை, தீர்த்தத் திருவிழாவுக்கும் வரவில்லை. பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியதை உதயரூபன் ஜெயந்தனின் போனில்தான் பார்த்தான்.

மகள் போன இரண்டொரு நாளில் அவன் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனான். அசனாரின் வளவில் இரும்புக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். செம்பு கொழும்புக்குப் போய்விட்டது. உருளைகளைத் தாங்கும் மேல்தலையை மட்டும் அசனார் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அதில் ஒரு அடியும் விழாதபடி அவர் அன்றைக்கு அடித்திருந்தார். உதயரூபன் அதைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினான்.

"அசனார் நானா, இதுக்கு என்ன தரவேணும்?"

"ஒண்டும் வேணாம். கொண்டு போங்க." அசனார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா ரூபண்ண, இனி இஞ்சால வராதீங்க. உங்களக் கண்டா எனக்கு அண்டைய நாள்தான் வருகுது."

அந்தத் தலையை அவன் பதுளை மெசினில் பூட்டினான். துளைகள் பொருந்தவில்லை, லேத்தில் கொடுத்து ஒரு தட்டு செய்து பொருத்தினான். நன்றாக வேலை செய்தது. விடுதி விரிப்புகளை அதில்தான் பிழிந்தான்.

மேட்றனிடமிருந்து போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

"ரூபன், துணி கிடக்கு."

"மெசின் இல்லயே மேட்றன்."

"கையால தோய்ச்சாக் காணும். உனக்கு என்ன வேணும் எண்டு சொல்லு, தாறன்."

"உங்களிட்ட ஒண்டுமில்ல," என்று சொல்லிப் போனை வைத்தான்.

பிறகும் அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்ததும் கால் தானாக மிதித்தது. மேட்றன் வீட்டுக்கு எதிரே, வாவிக் கட்டுச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். இறால் பிடிப்பவர்கள் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள்ளிருந்து காற்றோடு நாற்றம் வந்தது. மேட்றன் யாரையோ கூப்பிட்டார். முதலில் அதிகாரமாக, பிறகு கெஞ்சலாக. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எந்தக் காலத்துத் தாதியின் பெயரோ. உதயரூபன் கேட்டுக்கொண்டிருந்தான். வழக்கமாகத் தோய்த்து முடிக்கிற நேரம் வந்ததும் எழும்பி வீட்டுக்குப் போனான். அப்படிப் பல சனிகள் போனான். அவனுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. நாற்றம் கூடக் கூட நிம்மதியும் கூடியது.

கடைசியில் யாரோ அறிவித்து, கோயில் சபைப் பெண்கள் வந்து மேட்றனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டவுனுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்ததாகக் கேள்வி. வீடு பூட்டிக் கிடந்தது. உதயரூபனுக்குச் சனிக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

ஒரு வருசத்துக்குப் பிறகு அந்த இல்லத்திலிருந்து அவனுக்கே அழைப்பு வந்தது. தர்மத்துக்கு யாரோ வாங்கிக் கொடுத்த பெரிய மெசின், தண்ணீர் வெளியே போகாமல் நிற்கிறதாம். ஸில்மியா என்ற பராமரிப்புப் பெண் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சின்னப் பெண். கைகள் சவுக்காரத்தில் ஊறி வெளிறித் தோல் உரிந்திருந்தன.

"ஒரு கிழமையாக் கையாலதான் தோய்க்கிறன் அண்ணன்," என்றாள். "முப்பது கட்டில் விரிப்பு. ராவைக்கு விரல் மடிக்க ஏலா."

உதயரூபன் பின் மூடியைக் கழற்றினான். தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒற்றைக் காலுறை ஒன்று சிக்கியிருந்தது. விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். இழுக்கப் போனவன் யன்னலால் உள்ளே பார்த்தான். முதல் கட்டிலில் மேட்றன் கிடந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தார். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண் மட்டும் பழைய கண். அந்தக் கண் அவனைப் பிடித்துக்கொண்டது. வாய் கோணி, மெதுவாகத் திறந்தது.

"துணி," என்றார் மேட்றன்.

"அவ எப்பவும் அதுதான்," என்றாள் ஸில்மியா. "நனைஞ்ச விரிப்பில ஒரு நிமிசம் கிடக்கமாட்டா. கத்துவா. மெசின் ஓடின காலத்தில மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்திக் குடுத்தம். இப்ப ஏலா. காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

உதயரூபன் மேட்றனையே பார்த்துக்கொண்டு நின்றான். மேட்றன் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு ஆள் தெரிந்திருந்தது. அதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

குனிந்து, குழாயில் சிக்கியிருந்ததை விரலால் தொட்டான். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். மூடியைப் போட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினான்.

"திருத்த ஏலாது," என்றான். "உள்ளுக்குள்ள போர்ட் எரிஞ்சிற்று. இந்த மெசினுக்கு இனிச் சாமான் வராது. புதுசுதான் எடுக்க வேணும்."

ஸில்மியாவின் முகம் வாடியது. "புதுசுக்கு எங்க போற? இது கிடைச்சதே பெரிய காரியம்." ஆனாலும் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு தூரம் வெயிலுக்குள் வந்ததற்கு நன்றி சொன்னாள். அவன் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தான். படலையைத் தாண்டும்போது பின்பக்கம் வாளி நிரம்பும் சத்தமும், உள்ளே மேட்றன் கத்தத் தொடங்கிய சத்தமும் கேட்டன. உதயரூபன் சைக்கிளில் ஏறி, கல்லடி விடுதிக்காரன் விரிப்பு எடுக்க வருகிற நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று வேகமாக மிதித்தான்.